பாரம் அல்ல, பிடி

உயர்தர வகுப்பில் முதன்முதலாகச் சாய்தளக் கணக்குச் செய்தபோது ஒரு வியப்பு. பொருளைக் கீழே இழுக்கும் விசையையும் அதைத் தடுக்கும் எல்லை உராய்வையும் சமப்படுத்தினேன். இரு பக்கமும் இருந்த திணிவு வெட்டுப்பட்டுப் போனது. வழுக்கத் தொடங்கும் கோணத்தின் தான்சன் உராய்வுக் குணகத்துக்குச் சமம், அவ்வளவுதான். ஒரு கிலோவானாலும் ஒரு லொறிப் பாரமானாலும் அதே கோணம்.

நான் பூனாகலைப் பிள்ளை. சரிவு எனக்குப் புத்தகத்தில் மட்டும் உள்ள விடயமல்ல. 2014 ஒக்டோபர் 29 காலை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. 2023 மார்ச் 19 இரவு எங்கள் பூனாகலையிலேயே, கபரகலைத் தோட்டத்தில் மண் சரிந்தது.

"மழைல ஊறி மண் பாரமாகிட்டு, அதான் சரிஞ்ச" என்பார் உம்மும்மா. நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். ஆனால் என் கணக்கின்படி பாரம் கூடினால் இழுவையோடு உராய்வும் கூட வேண்டுமே! அப்படியானால் மழை செய்தது என்ன?

ஆசிரியையிடம் கேட்டேன். "ஓடைக்குள் கிடக்கும் கல்லைத் தூக்கியிருக்கிறீரா?" என்றார். தண்ணீருக்குள் இலேசாக இருக்கும் கல், வெளியே எடுத்ததும் கனக்கும். மண்ணுக்குள்ளும் அதுவே நடக்கிறது. இடைவெளிகளில் நிறையும் நீர் தன் அமுக்கத்தால் மண்மணிகளைத் தாங்குகிறது. அவை ஒன்றையொன்று அழுத்துவது குறைகிறது. அழுத்தம் குறைந்தால் உராய்வும் குறையும். களிமண்ணின் ஒட்டும் தளரும். சாய்வு மாறவில்லை, பிடிதான் விட்டுப்போகிறது.

அன்றுதான் வாப்பாவின் வேலையும் விளங்கியது. மழைக்காலம் வருமுன் வீட்டுக்கு மேலேயுள்ள கானை அவர் துப்புரவாக்குவார். பாதைக்காக என்று நினைத்திருந்தேன். உண்மையில் மலைக்குள் நீர் இறங்காமல் வழிமாற்றுகிறார்.

ஆனால் பெருமழையைக் கான் மட்டும் தாங்காது. 24 மணி நேரத்தில் 150 மில்லிமீற்றரைத் தாண்டினால் வெளியேற வேண்டும் என்பது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவுகோல். நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கிய ஊற்று இவற்றைக் கண்டால் அந்த அளவு வரும்வரை காத்திருக்கவும் கூடாது.

உம்மும்மாதான் அசையவில்லை. "நாப்பது வருஷமா நிக்கிற வூடு மகள், இனியும் நிக்கும்."

"வூடு நாப்பது வருஷமா நிண்டது காய்ஞ்ச மண்ணில உம்மும்மா. ஊறின மண் வேற மண்" என்று ஓடைக்கல்லின் கதையைச் சொன்னேன். பதில் பேசவில்லை.

அடுத்த அடைமழை இரவில் எழுந்து பார்த்தேன். உம்மும்மாவின் மருந்துப் பையும் அடையாள அட்டையும் வாசற்கதவருகே இருந்தன. பக்கத்தில் அவருடைய செருப்பு, வெளியே பார்த்தபடி.