மூன்று மீட்டர்

வண்டியை மூன்று மீட்டர் நகர்த்தினேன். நான் செய்த குற்றம் அவ்வளவுதான்.

ஜூன் மாதம், சிட்னியில் குளிர்காலம். சனிக்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர் டிரெய்லரை வெளியே எடுக்க வழி கேட்டார். சாவியைத் திருப்பி, ரிவர்ஸ் எடுத்து, வேலியோரம் ஒதுக்கி, அணைத்துவிட்டு உள்ளே போய்க் காபி குடித்தேன். மறுநாள் காலை ஆறரைக்கு அம்மா விமானத்தில் வந்து இறங்குகிறாள். ஐந்து மணிக்கு வாயிலிருந்து ஆவி பறக்கும் குளிரில் செல்ஃப் அடித்தால் இஞ்சின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. அதுவும் எப்படிச் சுற்றுகிறது! வழக்கத்தைவிட வேகமாக, தண்ணீர் வற்றிய கிணற்றில் மோட்டார் ஓடுவதுபோல. நாலைந்து தடவை அடித்த பிறகு பச்சைப் பெட்ரோல் வாசனை மூக்கில் ஏறியது.

ஓவர்ஃப்ளோ.

இந்த வார்த்தையை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் சித்தப்பா. 1991 கோடை விடுமுறை, தஞ்சாவூர் கீழவாசல். அவர் குளிக்கப்போன நேரம் பார்த்து அவருடைய யமஹா ஆர்எக்ஸ் 100-ஐ எடுத்தேன். சோக்கைப் போட்டு, பயத்தில் ஆக்ஸிலேட்டரை முறுக்கு முறுக்கென்று முறுக்கி, கிக்கரை உதைத்துக்கொண்டே இருந்தேன். ஈரத்துண்டோடு வந்து நின்றவர் அடிக்கவில்லை. "அது குடிக்கிறதுக்கு மேல ஊத்திட்டடா" என்றார். பிளக்கைக் கழற்றினார். உப்புத்தாளில் இரண்டு இழுப்பு, வாயால் ஒரு ஊது. பிளக் இல்லாமலே பத்து உதை. மறுபடி மாட்டி உதைத்ததும் நீலப் புகை தெருவை மறைத்தது. எதிர்வீட்டு மாமி இருமிக்கொண்டே ஜன்னலைச் சாத்தினாள். 2டி ஆயில் எரிந்த அந்த மணம் பெட்ரோல் பங்க்கின் மணமும் இல்லை, அடுப்படியின் மணமும் இல்லை. எனக்கு அது விடுமுறையின் மணம்.

ஆர்எக்ஸ் என்ற இரண்டு எழுத்துக்காகத்தான் இந்தக் காரை வாங்கினேன் என்றால் மனைவி சிரிப்பாள். பாதி உண்மை. மாஸ்டா ஆர்எக்ஸ்-8, 2004 மாடல், ஆறு கியர் மேனுவல். மீதிப் பாதி அதன் கதவுகள். பின்கதவு இரண்டும் பின்பக்கம் கீல் வைத்து, வீட்டு அலமாரிபோல விரியத் திறக்கும். "ரெண்டு பிள்ளைங்களை வெச்சுக்கிட்டு ஸ்போர்ட்ஸ் காரா?" என்று கேட்டவளுக்கு அந்தக் கதவுகளைத்தான் திறந்து காட்டினேன். வாதம் அங்கேயே முடிந்தது. முடிந்ததாக நான் நினைத்தேன்.

விற்றவர் பிளாக்டவுனில் ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற மெக்கானிக். நான் போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக என் கையைப் பிடித்து பானட்டின்மேல் வைத்தார். சில்லென்று இருந்தது. "பார்த்துக்கொள், நான் முன்கூட்டியே சூடாக்கி வைக்கவில்லை" என்று அர்த்தம். குளிர்ந்த இஞ்சின் உடனே பிடித்தது. ஒரு சுற்றுப் போய்வந்து அணைத்து, பத்து நிமிஷம் கழித்துக் கொதிக்கும் இஞ்சினை மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொன்னார். இந்தக் காரில் இருப்பது ரோட்டரி இஞ்சின். அதில் தேய்மானம் தெரிவது இந்தச் சூட்டு ஸ்டார்ட்டில்தான். அழுத்தம் அளந்த தாளையும் காட்டினார். சாதாரண கம்ப்ரெஷன் மீட்டர் இதற்கு ஆகாது. உள்ளே சுற்றும் ரோட்டார் ஒன்றுக்கு மூன்று பக்கம், மூன்று எண் வேண்டும். 680 கிலோபாஸ்கலுக்குக் கீழே போனால் இஞ்சினைப் பிரிக்க வேண்டியதுதான். இதில் இரண்டு ரோட்டார், ஆறு எண்ணும் 730-க்கு மேல். பழைய கார் வாங்கப் போனவன் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் படிப்பவன்போல நின்றுகொண்டிருந்தேன்.

கிளம்பும்போது மூன்று விஷயம் சொன்னார். இரண்டு தடவை பெட்ரோல் போட்டால் ஒரு தடவை ஆயில் பார். தினம் ஒருமுறையாவது, இஞ்சின் சூடான பிறகு, சிவப்புக்கோடு வரை விரட்டு. மூன்றாவதை விரலை நீட்டிச் சொன்னார்: சூடேறாமல் அணைக்காதே.

அந்த மூன்றாவதைத்தான் ஒரு டிரெய்லருக்காக மறந்தேன்.

டாக்ஸியில் போய்தான் அம்மாவை அழைத்துவந்தேன். "உன் காருக்கு என்னடா?" என்றாள். ரோட்டரி இஞ்சினை அம்மாவுக்கு எப்படிச் சொல்வது? பிஸ்டன் மேலும் கீழும் போகும், அவளுக்குத் தையல் மிஷின் ஊசி தெரியும். இதில் பிஸ்டனே கிடையாது. வால்வும் கிடையாது. பக்கங்கள் லேசாக உப்பிய முக்கோணம் ஒன்று, அதுதான் ரோட்டார், இடுப்பு சிறுத்த முட்டை வடிவக் கூட்டுக்குள் சுற்றுகிறது. சுற்றும்போது அதன் நடுப்புள்ளி நின்ற இடத்தில் நிற்பதில்லை. அதுவும் ஒரு சின்ன வட்டம் போடுகிறது. முக்கோணத்தின் மூன்று முனையும் எப்போதும் சுவரை உரசிக்கொண்டே போகும். ஒவ்வொரு பக்கமும் சுற்றிவரும் வழியிலேயே காற்றை இழுத்து, நசுக்கி, எரித்து, வெளியே தள்ளிவிடும். முக்கோணம் ஒரு சுற்று வருவதற்குள் தண்டு மூன்று சுற்று சுற்றியிருக்கும். இதெல்லாம் சொல்லாமல், "ஆட்டுக்கல் குழவி மாதிரிம்மா. குழியோட சுவரை ஒட்டியே உருண்டுக்கிட்டு சுத்தும்" என்றேன்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "உளுந்துல தண்ணிய ஒரேயடியா ஊத்திட்டா குழவிக்குப் பிடிமானம் இருக்காது. வழுக்கிக்கிட்டுச் சும்மா சுத்தும்" என்றாள்.

எந்த ஒர்க்‌ஷாப் புத்தகத்திலும் இதைவிடத் தெளிவாக நான் படித்ததில்லை. குளிர்ந்த இஞ்சினுக்குப் பெட்ரோல் தாராளமாகப் பீய்ச்சப்படும். எரிந்து முடியாமல் அணைத்துவிட்டால் அது உள்ளேயே தங்கி, சுவரில் படிந்த ஆயிலைக் கழுவிவிடும். முனைகளில் இருக்கும் சீல்கள் சுவரோடு இறுக ஒட்டுவது அந்த ஆயிலால்தான். ஆயில் போனால் அழுத்தம் போயிற்று. பிளக்கும் நனைந்துவிட்டால் குழவி சும்மா சுற்ற வேண்டியதுதான்.

இந்தக் குழவியை யோசித்தவர் ஃபெலிக்ஸ் வாங்கெல் என்ற ஜெர்மானியர். கிட்டப்பார்வை. வாழ்நாளில் டிரைவிங் லைசென்ஸே எடுக்காதவர். நாஜிக் கட்சியில் இருந்தவர் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். என்எஸ்யு கம்பெனியில் 1957-இல் முதல் இஞ்சின் ஓடியது. பத்து வருஷம் கழித்து வந்த அவர்களுடைய ஆர்ஓ 80 கார் அழகுதான், ஆனால் இஞ்சின் நீடித்து உழைக்கவில்லை. அந்தக் கார் வைத்திருந்த இருவர் சாலையில் எதிர்ப்பட்டால் விரல்களை உயர்த்திக் காட்டுவார்களாம், இதுவரை எத்தனை இஞ்சின் மாற்றியாயிற்று என்று.

அந்த இஞ்சின் பிழைத்தது ஹிரோஷிமாவில். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரி இருக்கும். 1945-இல் குண்டு விழுந்த பிறகு, மிஞ்சி நின்ற மாஸ்டா தொழிற்சாலைக் கட்டடத்தில்தான் மாவட்ட நிர்வாகமே சில காலம் நடந்தது. அதே ஊரில் 1963-இல் கெனிச்சி யமமோட்டோ தலைமையில் 47 பொறியாளர்கள் இதற்கென்று உட்கார்ந்தார்கள். ஜப்பானியக் கதையில் வரும் 47 சாமுராய்களின் கணக்கு. அவர்களை ஆட்டிவைத்தது சுவரில் விழுந்த அலை அலையான கீறல்கள். 'பிசாசின் நகக்கீறல்' என்று பேர் வைத்தார்கள். கார்பனில் அலுமினியம் ஏற்றிய சீல் செய்து பிசாசை ஓட்டிய பிறகு, 1967-இல் காஸ்மோ ஸ்போர்ட் விற்பனைக்கு வந்தது. யமமோட்டோ பின்னால் கம்பெனிக்கே தலைவரானார்.

1991 என்று சொன்னேன் அல்லவா? நான் கீழவாசலில் கிக்கரை உதைத்த அதே வருஷம் ஜூனில், பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில், நாலு ரோட்டார் வைத்த மாஸ்டாவின் 787பி கார் ஜெயித்தது. ஜப்பானியக் கம்பெனி ஒன்று அங்கே ஜெயித்தது அதுதான் முதல் தடவை. கடைசியாக ஓட்டிவந்த ஜானி ஹெர்பர்ட் உடம்பில் நீர் வற்றி மயங்கி, பரிசு மேடைக்கே போக முடியவில்லை. தஞ்சாவூரில் இது யாருக்குத் தெரியும்? எங்களுக்கு ஆர்எக்ஸ் என்றால் யமஹா. அதன் பெட்ரோல் டேங்கைத் தவிர, பக்கவாட்டில் ஆயிலுக்குத் தனி டேங்க் உண்டு. ஒரு சின்ன பம்ப் துளித்துளியாக ஆயிலை இஞ்சினுக்கு விடும். முப்பது வருஷம் கழித்து வாங்கிய காரிலும் அப்படி ஒரு பம்ப் உண்டு, தனி டேங்க் இல்லாமல் இஞ்சின் ஆயிலையே எடுத்து விடும். ஆயில் குறைகிறதே என்று பதறக் கூடாது, குறையத்தான் வேண்டும். குறையாவிட்டால்தான் பயப்பட வேண்டும்.

ஞாயிறு மதியம் அம்மா தூங்கப்போன பிறகு ஸ்பேனரோடு உட்கார்ந்தேன். நாலு பிளக், நாலும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. கழற்றித் துடைத்துக் காயவைத்தேன். ஆக்ஸிலேட்டரைத் தரையோடு மிதித்தபடி செல்ஃப் அடித்தேன். அப்படி மிதித்தால் பெட்ரோல் வராது, காற்று மட்டும் போய் உள்ளே உலர்த்தும். பிளக் துளைகள் வழியே பெட்ரோல் ஆவியாகப் பீறிட்டது. கொஞ்சம் ஆயிலை உள்ளே விட்டேன். பிளக்கை மாட்டி மறுபடி அடித்தேன். இருமியது. ஒரு ரோட்டார் மட்டும் பிடித்து நொண்டியது. பிறகு இரண்டும்.

புகை. டூங்காபியில் எங்கள் தெரு முனைவரை நீலப் புகை. டிரெய்லர்க்காரர் தோட்டக் குழாயைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். அம்மா தூக்கம் கலைந்து வாசலுக்கு வந்து முகர்ந்து பார்த்தாள். "உங்க சித்தப்பா வண்டி வாசனை" என்றாள். சித்தப்பா போய் ஆறு வருஷம்.

லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கிறது என்று கேட்காத ஊர்க்காரர் இல்லை. ஆறரை கிலோமீட்டர். அதுவும் 98 ஆக்டேன். கொள்ளளவு என்னவோ 1308 சிசி, பழைய மாருதி எஸ்டீம் அளவுதான். திறன் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல், தாகமும் அப்படியே. அப்பாவிடம் போனில் இந்தக் கணக்கைச் சொன்னபோது லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன். சித்தப்பாவின் வண்டி 40 கொடுத்தது.

ஆனாலும் காலையில் மக்குவாரி பார்க் ஆபீஸுக்குப் போகும் வழியில், எம்2 நெடுஞ்சாலை ஏற்றத்தில், ஊசி 9000-ஐ நெருங்கும்போது இந்த இஞ்சின் அதிர்வதில்லை. மேலே போகப் போக வழுவழுப்பாகிறது. எச்சரிக்கை பீப் சத்தம் வந்தால்தான் கியர் மாற்ற வேண்டுமென்றே ஞாபகம் வரும். அந்த நாலு விநாடிக்கு ஆறரை கிலோமீட்டர் சரிதான்.

வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் எத்தனை கிலோமீட்டர் ஆபீஸ் என்று திருப்பிக் கேட்கிறேன். தினம் ஓட்டுவது இந்த வண்டியைக் கெடுக்காது. கொஞ்சமாக ஓட்டுவதுதான் கெடுக்கும். இருபது கிலோமீட்டர் என்றால் வாங்கச் சொல்கிறேன், நிறுத்துவதற்கு முன் சூடு முள்ளைப் பார்க்கச் சொல்கிறேன். பிள்ளையைத் தெருமுனைப் பள்ளியில் விடுவதற்கு என்றால் வேறு கார் பார்க்கச் சொல்கிறேன்.

பால் கடை எங்கள் வீட்டிலிருந்து நானூறு மீட்டர். நடந்துதான் போகிறேன்.