ஆயிரங்கால் மண்டபமும் ஒரு தோட்டக்காரரும்

மதுரைக்கு வருவோர் மீனாட்சி கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தைக் காணாமல் திரும்புவதில்லை. கண்டோர் வியக்கின்றனர், வியந்தோர் எண்ணுகின்றனர், எண்ணினோர், ஆயிரமல்ல, 985 தூண்களே என்று பிறருக்கு எடுத்துரைக்கின்றனர். நாமும் மாணவப் பருவத்தில் எண்ணியதுண்டு. இத்தனை தூண்கள் எதற்கு என்று பெரியவர்களைக் கேட்டதுமுண்டு. "அது அந்தக் காலத்துப் பெருமை" என்ற விடைதான் கிடைத்தது.

பெருமைதான், மறுப்பார் யார்? உளி பிடித்த உழைப்பாளியின் கைத்திறன் அங்கே ஒவ்வொரு தூணிலும் பேசுகிறது. ஆயினும், அந்தப் பெருமைக்குப் பின்னே ஒரு தேவையும் இருந்தது. இரு தூண்களின்மீது ஒரு கல் உத்தரத்தைக் கிடத்தினால், அதன் மேற்பகுதி நசுக்கப்படுகிறது, கீழ்ப்பகுதி இழுக்கப்படுகிறது. நசுக்கலைத் தாங்கும் கல், இழுப்பைத் தாங்காது; பிளந்துவிடும். ஆகவே உத்தரம் நீளக் கூடாது. உத்தரம் நீளாதிருக்க வேண்டுமெனில் தூண்கள் நெருங்கி நிற்கவேண்டும். மண்டபம் அகல அகலத் தூண்கள் பெருகின. கல்லின் குறைபாட்டை அறிந்து, அதையே கலையாக்கினர் நம் முன்னோர். அது அறிவு. அந்தக் காரணத்தை மறந்துவிட்டு வாய்பிளந்து நிற்பது அறிவாகுமா?

கல்லும் செங்கல்லும் அகலமாகக் கடக்க வேறொரு வழியும் இருந்தது, அதுவே வளைவு. வளைவில் இழுப்பில்லை, சுமை முழுவதும் நசுக்கலாகவே இறங்கும். 1636-ல் எழுந்த திருமலை நாயக்கர் மகாலின் வளைவுகளும், 1889-ல் வைகையின் குறுக்கே எழுந்த ஏ.வி. பாலத்தின் வளைவுகளும் அந்த நுட்பத்தின் பிள்ளைகளே. ஆனால், அகல அகல வளைவு உயரும், அதைத் தாங்கும் சுவர்கள் பருக்கும், செலவு ஏறும். அரசன் கட்டலாம், அரசாங்கம் கட்டலாம், அன்றாடங்காய்ச்சி கட்டுவதெப்படி?

இந்தச் சிக்கலை அவிழ்த்தவன் மன்னனல்லன், முனிவனுமல்லன். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செங்கல் அடுக்கிப் பிழைத்த ஜோசப் ஆஸ்ப்டின் 1824-ல் போர்ட்லண்டு சிமெண்டுக்கு உரிமம் பெற்றார். பிரான்சு நாட்டுத் தோட்டக்காரர் ஜோசப் மோனியே, பூந்தொட்டிகள் அடிக்கடி உடைவதைக் கண்டு, சிமெண்டுக்குள் இரும்பு வலையைப் பொதிந்து, 1867-ல் உரிமம் பெற்றார். கொத்தனார் ஒருவர், தோட்டக்காரர் ஒருவர்! உழைப்பவன் சிந்தித்தால் உலகம் எப்படி மாறும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மோனியேயின் தொட்டியில் விளைந்ததே கம்பி பூண்ட காங்கிரீட். காங்கிரீட்டும் கல்லைப் போன்றதே; நசுக்கலைத் தாங்கும், இழுப்புக்கு உடையும். இரும்போ இழுப்பைத் தாங்கும். இழுப்பு எங்கே வருமோ அங்கே கம்பியை வைத்தால், ஒன்றின் குறையை மற்றொன்று நிறைவு செய்கிறது. வெயிலில் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவில் நீள்கின்றன. ஆதலால் ஒன்றைவிட்டு ஒன்று பிரிவதில்லை. காங்கிரீட்டின் காரத்தன்மை கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. பொருத்தம் பார்க்க வேண்டுமானால் இப்படியன்றோ பார்க்க வேண்டும்!

இந்த இணைப்பு நம் வட்டாரத்திற்குச் செய்திருப்பதை எண்ணிப் பாருங்கள். மேலூர் வயல்களுக்கு நீர் தரும் முல்லைப் பெரியாற்று அணை 1895-ல் சுண்ணாம்புச் சாந்தால் முடிக்கப்பெற்றது. 1979-க்குப் பின்னர் அதன் தலையில் கம்பி பூண்ட காங்கிரீட் கவசமும், உடலினூடே எஃகு வட நங்கூரமும், முதுகில் காங்கிரீட் தாங்கலும் அமைத்து வலுவூட்டினர். சிற்றூர்தோறும் நெடுங்கால் ஊன்றி நிற்கும் குடிநீர்த் தொட்டிகளும் இதன் கொடையே. 2023 ஜூலை 15 அன்று மதுரையில் திறக்கப்பெற்ற கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் அடுக்கடுக்காய் நூல்களைச் சுமக்கும் தளங்களுக்கு 985 தூண்கள் தேவைப்படவில்லை.

2004-ல் கும்பகோணத்துப் பள்ளியில் கூரை தீப்பற்றி 94 குழந்தைகள் கருகினரே, அந்தக் கொடுமையை நினைப்போர், தீப்பற்றாத கூரை ஏழைப் பிள்ளைக்கு எத்தகைய உரிமை என்பதை உணர்வர்.

ஆனால், தோழர்களே, பொருள் புதிதானால் போதுமா? புத்தி புதிதாக வேண்டாமா?

சில ஆண்டுகளுக்கு முன், மதுரையின் புறநகரில் ஒரு வீட்டிற்குத் தளம் போடும் நாளில் நாமும் சென்றிருந்தோம். திங்கட்கிழமை. காலை ஏழேகாலுக்குக் கலவை இயந்திரம் சுழன்றது. சித்தாள் பெண்கள் சட்டி ஏந்தி வரிசையில் நின்றனர். முதல் கலவை தயாரானபோது வீட்டுப் பெரியவர் ஒருவர் பதறினார்: "ஏழரை முதல் ஒன்பது வரை ராகு காலம்! நிறுத்துங்கள்!" நிறுத்தினர். கலந்த கலவை காத்திருந்தது. ராகு காலத்திற்காகச் சிமெண்டு காத்திருக்குமா? நீர் பட்ட நொடி முதல் அது தன் வேலையைத் தொடங்கிவிட்டது. ஒன்பது மணிக்குக் கலவை விறைத்திருந்தது. இளக்குவதற்காகக் குடம் குடமாய் நீர் ஊற்றினர். மிகைநீர் உலர்ந்தபின் விட்டுச் செல்லும் நுண்துளைகள் தளத்தின் வலிமையைக் குறைக்கும். அது மட்டுமா? சன்னலுக்கு மேலே நீட்டிய நிழற்தட்டில் கம்பி மேற்புறம் இருக்கவேண்டும். அங்கே இழுப்பு மேலேதான் வரும். நடமாடியவர்கள் அக்கம்பியை மிதித்துக் கீழே அமுக்கிவிட்டனர். நாம் சுட்டிக்காட்டினோம். கொத்தனார் தூக்கிக் கட்டினார். வீட்டுக்காரரோ, திருட்டிப் பூசணி கட்ட இடம் தேடிக்கொண்டிருந்தார்.

எத்தனை நாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவீர்கள் என்று கேட்டோம். "இரண்டு நாள் போதும்" என்றார். குறைந்தது ஏழு நாளேனும் ஈரம் காயாதிருக்க வேண்டும். வலிமையை அளக்கும் கணக்கோ 28 நாள். நல்ல நேரத்திற்கு ஒன்றேமுக்கால் மணி காத்திருந்தவருக்கு, நல்ல தளத்திற்கு ஒரு வாரம் காத்திருக்கப் பொறுமையில்லை! வாஸ்து பார்க்கப் பணம் உண்டு. மண்ணைச் சோதிக்கப் பணம் இல்லை!

இதை வெறும் வேடிக்கையென்று விட்டுவிட முடியவில்லை. 1964-ல் இதே மதுரையில் பள்ளிக் கட்டடம் இடிந்து முப்பதுக்கும் மேற்பட்ட மாணவியர் மாண்டனர். 2014-ல் சென்னை மௌலிவாக்கத்தில் பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மடிந்தனர். 7.3 கிலோமீட்டர் நீளும் நத்தம் சாலைப் பறக்கும் பாலத்தின் பணியின்போது 2021 ஆகஸ்டில் உத்தரம் வீழ்ந்து, வடநாட்டிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். விதி என்று சொல்லிக் கண்ணீர் துடைப்பது எளிது. விதியென்றால் விசாரணை எதற்கு? காரணமின்றி எந்தக் கட்டடமும் விழுவதில்லை.

கட்டுவது எப்படி என்று கேட்கும்போதே, கட்டுவது எதற்கு என்றும் கேட்கவேண்டும். மதுரை மாவட்டத்து உத்தப்புரத்தில் 1989-ல் மனிதரை மனிதரிடமிருந்து பிரிக்கச் சுவர் எழுப்பினர். 2008 மே மாதத்தில்தான் அதன் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. அதே மாவட்டத்து மேலக்கோட்டையில், எல்லாச் சாதியினரும் அடுத்தடுத்த வீடுகளில் வாழ முதல் சமத்துவபுரம் 1998-ல் திறக்கப்பெற்றது. இரண்டையும் எழுப்பியவர்கள் கொத்தனாரும் சித்தாளுமே. கரண்டி பிடித்த கை ஒன்றுதான். ஏவிய நெஞ்சம் வேறு.

கலவையில் கலந்த மணல் எந்த ஆற்று மணல், சல்லி எந்த மலைச் சல்லி என்று தளம் பிரித்துப் பார்ப்பதில்லை. அத்தளத்தைச் சுமந்து ஏற்றிய பெண்ணுக்கு மட்டும் ஆணைவிடக் குறைந்த கூலி. தூக்கிய சட்டியின் எடை ஒன்றே. கூலி மட்டும் ஏன் இரண்டு?

இளைஞர்களே! உங்கள் தெருவில் தளம் போடும் நாளில் போய் நில்லுங்கள். கம்பி உரிய இடத்தில் இருக்கிறதா, அதன்மேல் காங்கிரீட் போதிய அளவு மூடுகிறதா, கலவையில் நீர் மிகையா, ஏழு நாள் ஈரம் உண்டா என்று கேளுங்கள். சட்டி சுமக்கும் தாய்க்கு எவ்வளவு கூலி என்றும் கேளுங்கள். சிலர் முறைப்பர், சிலர் நகைப்பர். கேட்டுக்கொண்டே இருங்கள். அந்த வீட்டில் நாளை உறங்கப்போகும் குழந்தையை நல்ல நேரம் காக்காது. நீங்கள் கேட்கும் கேள்வி காக்கும்.