கவ்வியும் கையும்

மாந்தர் தம் வாழ்வில் பயன்படுத்தும் சாதனங்களைப் பெரியன என்றும் சிறியன என்றும் பகுத்து, பெரியனவற்றுக்கே பெருமையெல்லாம் சூட்டி வருவது உலக வழக்கு. ஆகாய விமானத்தைப் படைத்தவர் யாவர் என்று வினவினால் பள்ளிச் சிறுவனும் விடை சொல்வான். அவன் உடுத்திருக்கும் வெண்சட்டையை நேற்றைய காற்று அடித்துச் செல்லாதவாறு கொடியிலே பிடித்து நின்றதே, அச்சிறு கருவியைப் படைத்தவர் யாவர் என்று வினவினால் அவனும் விழிப்பான், அவன் ஆசிரியரும் விழிப்பார். வீடுகளில் "கிளிப்பு" என்று வழங்கும் துணிக்கவ்வியைக் குறித்து ஒரு கட்டுரையா என்று நகைப்பாரும் உளர். அங்ஙனம் நகைப்பவருள் பெரும்பாலோர் தம் கையால் ஒருநாளும் துணி உலர்த்தி அறியாதவர் என்பது நம் அநுபவம்.

துணிக்கவ்விக்கும் ஒரு வரலாறு உண்டு. அமெரிக்க நாட்டின் வெர்மாண்ட் மாநிலத்தைச் சேர்ந்த டேவிட் ஸ்மித் என்பார், இரண்டு மரக்கால்களை வில்லால் இணைத்த கவ்விக்கு 1853-ம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். அதே மாநிலத்தவரான சாலன் மூர் என்பார் 1887-ல் அவ்வில்லைத் திருத்தி, ஒரே கம்பியைச் சுருட்டி வளைத்த வில்லாக அமைத்தார். இன்று கடைகளில் காணும் மரக்கவ்விகள் பெரும்பாலும் அவர் வழிவந்தவையே. 1852 முதல் 1887 வரையுள்ள காலத்தில் மட்டும் துணிக்கவ்விக்கென அந்நாட்டில் 146 காப்புரிமைகள் வழங்கப்பட்டன என்றால், இது சிறு பொருள் என்று எவர் சொல்ல வல்லார்?

இது ஒருபுறம். மற்றொருபுறம் பாருங்கள். மும்பை மகாலட்சுமியில் உள்ள தோபி காட்டிலும், தமிழ் வண்ணார் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்துவரும் கொச்சித் தோபிக்கானாவிலும் கவ்வி என்பதே வேண்டுவதில்லை. இரண்டு கயிறுகளை ஒன்றோடொன்று முறுக்கி இழுத்துக் கட்டுகிறார்கள். அம்முறுக்கின் இடைவெளியில் துணியின் முனையைச் செருகுகிறார்கள். துணி தன் பாரத்தால் கயிற்றை இழுக்க இழுக்க, முறுக்கு மேலும் இறுகிப் பிடிக்கின்றது. கயிறே கவ்வியாகிவிட்டது! துருவும் இல்லை, உடைவும் இல்லை, காசும் இல்லை. இதனைக் கண்டவர் பெயர் எந்தக் காப்புரிமைப் பதிவேட்டிலும் இல்லை. நம் சிங்கப்பூரில், ஓடைக்கரையில் துணி வெளுத்துப் புற்றரையில் உலர்த்திய இந்தியச் சலவைத் தொழிலாளரின் நினைவாக நிற்பது டோபி காட் என்னும் இடப்பெயர் ஒன்றே. அப்பெயர் தாங்கிய ரயில் நிலையத்தில் நாள்தோறும் ஏறி இறங்குவோருள் அதன் பொருளை எண்ணுவார் எத்தனை பேர்? உழைக்கும் கை கண்டறிந்த நுட்பத்திற்குப் பெயரிடாமல் விடுவது உலகத்தின் பழைய வழக்கம்.

நிற்க. நாம் ஒரு கம்பிக் கவ்வி செய்ய முனைந்த காரணத்தைக் கூறுவோம்.

1960-ம் ஆண்டில் தோன்றிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் எழுப்பிய அடுக்குமாடிகளில், சமையலறைச் சன்னலுக்கு வெளியே குழாய்களைப் பதித்து, அவற்றுள் மூங்கிற் கழிகளைச் செருகித் துணி உலர்த்த வழி செய்தனர். பின்னாளில் எழுந்த வீடுகளில் வேறுவகைச் சட்டங்கள் வந்துவிட்டன. நம் இல்லம் பழைய வகையது. ஈரத்துணி சுமந்த நீண்ட கழியைப் பத்தாம் மாடியிலிருந்து வெளியே நீட்டிக் குழாயில் செருகுவது எளிய வேலை அன்று. ஒரு கை கழியைத் தாங்கும். மற்றொரு கை சன்னற் சட்டத்தைப் பற்றும். கவ்வி கழன்று ஒரு துணி சரியுமானால், அதனை எட்டிப் பிடிக்க உடல் தானே வெளியே சாய்கின்றது. 2012-ம் ஆண்டில், உயர்மாடிகளிலிருந்து விழுந்து வீட்டுப் பணிப்பெண்கள் சிலர் உயிரிழந்தமையை அடுத்து, கம்பிச் சட்டம் பூட்டியிருந்து வீட்டாரும் உடனிருந்தாலன்றிச் சன்னலின் வெளிப்புறத்தைத் துடைக்க அவர்களை ஏவலாகாது என்று மனிதவள அமைச்சு விதித்தது. துடைத்தலுக்குள்ள அபாயம் துணி உலர்த்தலுக்கும் உண்டு. ஆகவே நழுவாத கவ்வி என்பது வசதியைப்பற்றிய பேச்சு மட்டுமன்று, உயிரைப்பற்றிய பேச்சுமாகும்.

காற்றின் வலிமையையும் சற்றுக் கணக்கிடுவோம். ஏப்ரல் முதல் நவம்பர் வரை, விடியலுக்கு முன்னும் காலையிலும் சுமத்திராப் பக்கமிருந்து திடீரென வீசும் புயற்காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகம் வரை எழும். 72 கிலோமீட்டர் வேகத்தில் வீசுங் காற்று, தன்னை எதிர்த்து விரிந்து நிற்கும் ஒரு சதுர மீட்டர் பரப்பின்மேல் ஏறத்தாழ 24 கிலோகிராம் எடைக்கு ஒப்பான அழுத்தத்தைச் செலுத்தும். துணி வளைந்து கொடுப்பதால் அவ்வளவும் கவ்வியின்மேல் விழாது என்பது உண்மையே. எனினும் வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்காகும் என்பதை மறக்கலாகாது.

கடைச் சரக்கு இதற்கு எங்ஙனம் நிற்கின்றது? பிளாஸ்டிக் கவ்வி வெயிலிலுள்ள புறஊதாக் கதிரால் நாளடைவில் நைந்து, ஒருநாள் விரலிடையே படக்கென்று ஒடிகின்றது. மரக்கவ்வி நம் நாட்டு ஈரத்தில் பூசணம் பூக்கின்றது. அதன் இரும்பு வில் துருப்பிடித்து வெண்துணியில் கறை பதிக்கின்றது. அக்கறையைப் போக்க வெளுப்பு மருந்தை ஊற்றினாலோ, அது போகாததோடு அழுந்தியும் பதிந்துவிடும். துருவேறா எஃகுக் கம்பிக் கவ்விகளும் உள்ளன. நாம் வாங்கிப் பார்த்தவை மெல்லிய கொடிக்கென அமைந்தவை. மூங்கிற் கழியைத் தழுவுமளவு அவற்றின் வாய் விரிவதில்லை. விரியச் செய்தால் விரல் நோகின்றது.

விரல் நோவுதான் நம்மை இவ்வேலையில் இறக்கியது. நம் அன்னையார் எழுபது கடந்தவர். விரல் மூட்டுகள் வீங்கியவர். அவர் நோகின்றது என்று ஒருபோதும் சொன்னவரல்லர். கவ்வியை ஒரு கையால் திறக்கமாட்டாமல் பல்லால் கடித்துத் திறப்பதை ஒருநாள் கண்டோம். கேட்டதற்கு, "இது என்னப்பா பெரிய வேலை" என்றார். பெரிய வேலை அன்று என்று பெண்டிர் சொல்லச் சொல்ல, அவ்வேலைக்குரிய கருவியைச் செம்மைப்படுத்தும் பொறுப்பினின்று ஆடவர் தப்பிவிடுகின்றனர்.

316 தரத்துத் துருவேறா எஃகுக் கம்பியை வாங்கினோம். அதில் மாலிப்டினம் சிறிதளவு கலந்திருப்பதால் கடற்காற்றின் உப்பைப் பிற வகைகளினும் நன்கு தாங்கும். ஒரு பலகை, அதில் அறைந்த சில முளைகள், ஒரு குறடு, இவையே நம் தொழிற்சாலை. 1849-ல் வால்டர் ஹண்ட் என்னும் அமெரிக்கர், ஒரே கம்பியை வளைத்துச் சுருள் ஒன்று வைத்து ஊக்கு என்னும் அரும்பொருளைப் படைத்தார். நாமும் ஒரே கம்பியால் ஆவதையே விரும்பினோம். இணைப்பு இல்லாத இடத்தில் கழல்வதற்கும் ஒன்றுமில்லையன்றோ?

வடிவம் பின்வருமாறு. ஏறத்தாழ 55 சென்டிமீட்டர் நீளமுள்ள கம்பியின் நடுப்பகுதியை வளைத்து ஒரு வாயாக்குக. அதிலிருந்து வரும் இரண்டு இழைகளையும் பின்னோக்கிக் கொணர்ந்து, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சுருள்கள் சுற்றுக. பின் இரண்டு இழைகளையும் மீண்டும் முன்னோக்கிச் செலுத்தி மற்றொரு வாயாக்கி, முனைகளை உள்ளே மடித்து மூடுக. இன்றேல் கூர்முனை சேலையின் நூலை இழுத்துவிடும். ஒரு கை அகலமும் மறுகை ஒடுக்கமுமாக அமைவதால், ஒன்று மற்றொன்றினூடே புகுந்து குறுக்காகக் கடக்கும். ஆகவே, சுருளுக்கும் அக்குறுக்குக்கும் இடையே விரலால் அழுத்தினால் முன்னுள்ள வாய் திறக்கும், விட்டால் மூடும்.

கம்பியின் பருமன் எவ்வளவு இருத்தல் வேண்டும்? 1.6, 2, 2.5 மில்லிமீட்டர் என மூன்று பருமனில் செய்து ஒப்பிட்டோம். கண்ணுக்கு இவற்றிடை வேற்றுமை சிறிதே. கைக்கோ பெரிது! சுருள்வில்லின் விறைப்பு கம்பிப் பருமனின் நான்காம் படியைப் பொறுத்து ஏறுவது. 1.6 மில்லிமீட்டரினும் 2.5 மில்லிமீட்டர் ஏறத்தாழ ஆறு மடங்கு விறைப்புடையது. மெல்லியது காற்றுக்குத் தோற்றது. தடித்ததை அன்னையாரால் அசைக்கவும் இயலவில்லை. நடுவிலுள்ளதைக் கொண்டோம்.

அதன்பின் எழுந்த கேள்வியே உயிரானது. காற்றுக்கு வன்மையாகவும் கைக்கு மென்மையாகவும் ஒரே பொருள் எங்ஙனம் இருத்தல் கூடும்? இதற்கு இரண்டு வழிகள் கண்டோம்.

முதலாவது, விரல் படும் இடம். இவ்வகைக் கவ்வியில் சுருளே நெம்புகோலின் நிலைப்புள்ளி. வாய் அதிலிருந்து 60 மில்லிமீட்டர் தொலைவில் இருக்க, விரல் 20 மில்லிமீட்டர் தொலைவில் அழுத்துமானால், வாய் பிடிக்கும் வலிமையைப்போல் மூன்று மடங்கு விரலுக்கு வேண்டும். 40 மில்லிமீட்டர் தொலைவில் அழுத்தினாலோ ஒன்றரை மடங்கே போதும். ஆகவே அவ்விடத்தில் கம்பியை வெளிப்புறமாகச் சற்று வளைத்து, பெருவிரல் பதியுமளவு அகன்ற படுக்கை அமைத்தோம். இருட்டிலும் விரல் தானே அங்குச் சென்றமரும். கம்பி தசையில் அறுக்காது.

இரண்டாவது, சுருளின் எண்ணிக்கை. சுற்றுகளை மிகுதியாக்கினால் வில் நெகிழ்கின்றது. இரண்டு மடங்காக்கினால் விறைப்பு பாதியாகும். அங்ஙனம் நெகிழ்ந்த வில்லைத் தொடக்கத்திலேயே மிகுதியாக முறுக்கி வைத்தல் வேண்டும். அப்பொழுது மெல்லிய துணியையும் தடித்த துவாலையையும் வாய் ஏறக்குறைய ஒரே வலிமையுடன் பிடிக்கும். அழுத்த அழுத்த எதிர்ப்பு ஏறி விரலை வருத்தும் துன்பமும் குறையும். சுற்றுகளை மூன்றாக்கி, அழுத்தும்பொழுது சுருள் இறுகும் திசையிலேயே சுற்றினோம்.

வாயைக் கழியின் வடிவுக்கேற்ப வளைத்து, கழிச் சுற்றளவில் பாதிக்குமேல் தழுவுமாறு செய்தோம். பாதியோடு நின்றால் காற்று மேலே தூக்கியவுடன் கழன்றுவிடும். பாதியைக் கடந்தாலோ, வில்லை வென்று வாயைத் திறந்தாலன்றி வெளியேற இயலாது. ஒவ்வொரு வாயிலும் இரண்டு இழைகள் இருப்பதால் துணி திருகிச் சுழலாமலும் நிற்கின்றது.

செய்து முடித்ததை மதிப்பிடும் உரிமை நமக்கில்லை என்று கருதினோம். அன்னையாரிடமும், அண்டை வீட்டில் பணிபுரியும் ஜாவாப் பெண்மணியிடமும் பன்னிரண்டு கொடுத்தோம். அப்பெண்மணி இரண்டு நாளில் ஒரு திருத்தம் சொன்னார். கவ்வியைக் கழியில் ஏற்றும்வரை அதனை வைத்துக்கொள்ள மூன்றாவது கை எங்கே என்று கேட்டார். மறு கவ்வியின் சுருளில் ஒரு சிறு கயிற்றைக் கட்டிக் கழியிலேயே தொங்கவிட்டுக் காட்டினார்! வாயிலிருந்து நழுவினும் கவ்வி பத்து மாடி கீழே நடப்பார் தலையில் விழாது. கையும் ஓய்வு பெறும். நாம் வாரக்கணக்கில் கணக்குப் போட்டும் எட்டாத எண்ணம் அது. இப்பொழுது எல்லாக் கவ்விகளுக்கும் கயிறு உண்டு.

அன்னையார் சொன்னது இன்னும் சுருக்கம். "வாய் நோவலைப்பா," என்றார். விரலைப்பற்றி ஒன்றும் கூறவில்லை. பல்லுக்கு வேலை இல்லாமற் போயிற்று என்று நாம் பொருள் கொண்டோம்.

இக்கவ்விக்குக் காப்புரிமை வேண்டி விண்ணப்பிக்குமாறு நண்பர் ஒருவர் தூண்டினார். விண்ணப்பத்தில் எவர் பெயரை எழுதுவது? கம்பியை வளைத்தவர் நாம். கயிற்றைக் கட்டியவர் அப்பெண்மணி. நோவைத் தாங்கி நோவின் அளவைக் காட்டியவர் அன்னையார். முறுக்குக் கயிற்றைக் கண்ட வண்ணார் பெருமக்கள் எழுதாமல் விட்ட பதிவேட்டில் நாமும் எழுதாமல் இருப்பதே தகுமென்று தோன்றியது. செய்முறையை மேலே மறைக்காமல் உரைத்துள்ளோம். குறடு பிடிக்கத் தெரிந்த எவரும் செய்துகொள்ளலாம்.

அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கவ்வி செய்யவேண்டும் என்று சொல்லவில்லை. தத்தம் இல்லத்தில் அரிவாள்மணை, அம்மி, வாளி, துடைப்பம் என நாள்தோறும் பெண்டிர் கையில் உழலும் கருவிகளுள் ஒன்றை எடுத்து ஒரு வாரம் தாமே கையாண்டு பாருங்கள். வார முடிவில், அதனை முப்பது ஆண்டுகளாகக் கையாண்டு வருபவரிடம் சென்று, இதில் எவ்விடம் நோகின்றது என்று கேளுங்கள். முதல்நாள் "ஒன்றுமில்லை" என்பார்கள். மறுநாளும் கேளுங்கள்.