பகிர்ந்த ரகசியம்

கடலூரில் எங்கள் வீட்டுப் பரணில் பழுப்புக் காகிதம் சுற்றிய ஒரு கட்டு இன்னும் இருக்கிறது. 1980களின் இறுதியில் என் அக்கா அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அஞ்சல்வழியே இளங்கலை பயின்றபோது தபாலில் வந்த பாடங்கள் அவை. அப்பல்கலைக்கழகம் 1979இலேயே தொலைதூரக் கல்வியைத் தொடங்கியிருந்தது. இரண்டாம் ஆண்டில் அக்காவுக்குத் திருமணமாயிற்று. தலைப்பெழுத்து மாறியது, முகவரி மாறியது, பதிவு எண் மட்டும் மாறவில்லை. அந்த எண்ணைப் பற்றிக்கொண்டு பாடங்கள் புகுந்த வீட்டுக்கும் அவளைத் தேடி வந்தன.

சென்ற ஆண்டு அந்தக் கட்டை நினைத்துக்கொள்ள ஒரு காரணம் வாய்த்தது. செய்யுளை அசை பிரித்துப் பழகுவதற்காக நான் எழுதிய சிறு நிரலைச் சிதம்பரம் பக்கத்துக் கல்லூரி ஒன்று தன் இணையக் கற்றல் தளத்தில் இணைத்திருந்தது. இவ்வகை இணைப்புக்கென்று எல்டிஐ என்னும் பொது விதி உண்டு. மாணவி தளத்தில் ஒரு சுட்டியை அழுத்தினால் போதும். தனிக் கடவுச்சொல் இன்றி என் பயிற்சிக்குள் வந்துவிடுவாள், மதிப்பெண் தளத்துக்குத் திரும்பிச் செல்லும். நான் 2011இல் வந்த 1.1 பதிப்பைப் பின்பற்றியிருந்தேன். 2019இல் வெளியான 1.3க்கு மாறும்படி கல்லூரி கேட்டது. இடையில், 2014இல், 2.0 என்றொரு பதிப்பும் வந்தது, பரவாமலே கைவிடப்பட்டது. பெரிய எண்ணை ஒதுக்கிவிட்டுச் சிறிய எண் முன்னேறிய விந்தை!

1.1இல் தளமும் கருவியும் ஒரே ரகசியச் சொல்லைப் பகிர்ந்துகொள்ளும். தளம் அதைக் கொண்டு ஒப்பமிடும். கருவி அதைக் கொண்டே சரிபார்க்கும். சிதம்பரத்துக்காரர்களுக்கு ரகசியம் புதிதா என்று நண்பர்கள் கேலி செய்தார்கள். கோயிலில் திரையை விலக்கினால் வெளி. இங்கோ கணினித் திரையின் ஓரத்தில் ஒட்டிய மஞ்சள் சீட்டில் ரகசியம் ஊரறியக் கிடந்தது. 1.3இல் அந்தச் சங்கடம் இல்லை. தளம் தன்னிடமுள்ள தனிச்சாவியால் ஒப்பமிடுகிறது. சரிபார்க்க எனக்கு அதன் பொதுச்சாவி போதும்.

மதிப்பெண்ணிலும் வேறுபாடு உண்டு. 1.1இல் பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட ஒரு தசமம் மட்டுமே திரும்பிச் செல்லும். 20க்கு 17 வாங்கினால் 0.85. எங்கே தவறினாள் என்பதைச் சொல்ல இடமில்லை. 1.3இன் துணைச் சேவைகளில் மொத்த மதிப்பெண்ணையும் ஆசிரியர் குறிப்பையும் சேர்த்தே அனுப்பலாம்.

இவ்வளவு நன்மைகளையும் எண்ணி மகிழ்ந்து மாற்றினேன். மறுநாள் தமிழாசிரியை தொலைபேசியில் அழைத்தார்.

"சார், வருஷம் முழுக்கப் பயிற்சி செஞ்ச பொண்ணுக்குப் பூஜ்யம்னு காட்டுது. அழுதுகிட்டு நிக்கிறா."

தவறு என்னுடையதுதான். தளத்தின் பழைய அடையாளத்தையும் மாணவியின் எண்ணையும் சேர்த்தே ஆளை அறியும்படி என் நிரலை எழுதியிருந்தேன். புதிய பதிப்பில் தளம் வேறு அடையாளத்தோடு வந்தது. வகுப்பு முழுதும் புதியவர்களாகிவிட்டார்கள். பழைய எண்ணையும் உடன் அனுப்ப 1.3இல் ஓர் ஏற்பாடு இருக்கிறது. கட்டாயமில்லை என்பதால் அந்தத் தளம் அனுப்பவில்லை. நானும் கேட்டுவைக்கவில்லை.

கார்த்திகை மழையில் பேருந்து ஏறினேன். முட்லூர் தாண்டி வெள்ளாற்றைக் கடக்கும்போது கண்ணாடிக்கு வெளியே ஆறு தெரியவில்லை. கல்லூரியில் வருகைப் பதிவேட்டை வைத்துக்கொண்டு, பழைய கணக்கையும் புதிய கணக்கையும் ஒவ்வொரு பெயராக நானும் ஆசிரியையும் இணைத்தோம். கடைசியில் இருவர் மிஞ்சினார்கள். ஒரே பெயர், ஒரே தலைப்பெழுத்து. அவர்களுள் ஒருத்திதான் அழுதவள். ஆசிரியை பழைய விடைகளைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

"பலாவைப் பாருங்க. நிரைன்னு எடுக்காம, ப, லான்னு ரெண்டு நேரா பிரிச்சிருக்கா. இது அவதான். இன்னொருத்தி இதுல தவறவே மாட்டா."

இணைத்தேன். பூஜ்யம் இருந்த கட்டத்தில் 20க்கு 17 என்று வந்தது. அருகே குறிப்பெழுத இடம் இருப்பதைக் காட்டினேன். ஆசிரியை கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினார்: "பலா - நிரை."