அஞ்சு புள்ளி, எட்டுக் கை

தேனி மாவட்டத்தின் தேவாரம் ஊரில் ஆனி, ஆடி மாதங்களில் வாசலில் பொடிக்கோலம் நிற்காது. மேற்கே மலையிலிருந்து இறங்கும் காற்று மாவை அள்ளிக்கொண்டு போய்விடும். பச்சரிசியை ஊறவைத்து அரைத்து, துணியில் நனைத்து, மோதிரவிரல் வழியே வழியவிட்டு இழுக்கும் மாக்கோலம்தான் அப்போது தாங்கும். சிமெண்டுத் தெரு வந்தபின் பலர் வெள்ளைப் பெயிண்டிலேயே வரைந்து வைத்துவிட்டார்கள். குறை சொல்ல எனக்கு மனமில்லை. விடிவதற்குள் ஏலத்தோட்டத்து ஜீப்பைப் பிடிக்க வேண்டியவர்களுக்கு வாசல் வேலையில் பத்து நிமிடம் மிச்சமாவது சின்ன விஷயமா?

அப்படி விடியும் ஊரிலும் வெள்ளிக்கிழமை என்றால் என் மதினி வாசலில் இருதயக் கமலம் போடுவார். நடுவில் ஒரு புள்ளி. அதிலிருந்து எட்டுத் திசைக்கும் கை நீட்டியதுபோல் ஐந்தைந்து புள்ளி. முதல் கையில் முதல் புள்ளியில் தொடங்கி, அடுத்த கையில் மூன்றாவது, அதற்கடுத்து ஐந்தாவது, பிறகு இரண்டாவது, நான்காவது, மறுபடி முதலாவது என்று கோடு போய்க்கொண்டே இருக்கும். முதல் சுற்று முடிந்து தொடங்கிய கைக்கு வந்தால் அங்கே வேறு புள்ளியில் நிற்போம். பழகாதவர்களுக்கு இந்த இடத்தில்தான் கை தடுமாறும். ஐந்து சுற்றுச் சுற்றி, நாற்பது புள்ளியையும் தொட்ட பிறகே கோடு புறப்பட்ட இடத்தில் வந்து மூடும். மூடும்போது தாமரை மலர்ந்திருக்கும்.

ஏன் மூடுகிறது என்பது பள்ளிக் கணக்குதான். எட்டுக்கும் ஐந்துக்கும் ஒன்றைத் தவிர வேறு பொது வகுஎண் கிடையாது. அதனால் எட்டைந்து நாற்பதும் முடியாமல் கோடு திரும்ப வழியில்லை. ஏழு கை வைத்தாலும் கூடும். பத்து வைத்தால் ஒரே சுற்றில் பத்துப் புள்ளியோடு மூடிக்கொள்ளும். மிச்சம் நாற்பதும் வெளியே நிற்கும்.

தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974இல் கோலத்தைக் கணினி மொழிகளின் இலக்கணத்தோடு சேர்த்து ஆய்வுக் கட்டுரையே எழுதினார்கள். இதைச் சொன்னால் உடனே 'நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தார்கள்' என்று வாட்ஸப்பில் கிளம்பிவிடுவார்கள். எனக்கு அந்தப் பெருமை பிடிப்பதில்லை. வகுஎண்ணை யாரும் முன்கூட்டி யோசித்திருக்க மாட்டார்கள். ஈர வாசலில் குந்தியிருந்து, ஆறு வைத்தும் பத்து வைத்தும் பார்த்து, கூடாததை அழித்து, கூடியதை மகளுக்குச் சொல்லியிருப்பார்கள். முன்னோரின் ஞானம் என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் அந்த உழைப்பு கணக்கில் வராமல் போகிறது.

இப்போது ஊருக்குள் மண்டலா என்ற வட்ட ஓவியம் வந்திருக்கிறது. கல்லூரியில் படிக்கும் மதினி மகள் பழைய சி.டி.களில் அக்ரிலிக் புள்ளி வைத்து வரைகிறாள். காம்பஸ், பாகைமானி, சின்னச் சின்னத் தூரிகைகள். மனசு அமைதியாகிறது என்கிறாள். இந்தப் பேச்சின் வேர் தூரத்தில் இருக்கிறது. 1918-19இல் சுவிட்சர்லாந்தின் ஷாத்தோ தே மலையூரில், பிரிட்டிஷ் போர்க்கைதிகளின் முகாமில் பொறுப்பிலிருந்த உளவியல் அறிஞர் கார்ல் யுங், காலைதோறும் குறிப்பேட்டில் ஒரு சிறு வட்ட ஓவியம் வரைந்தார். அன்றைய மனநிலை அதில் தெரிவதாகக் கண்டார். இதைப் படித்தபோது எனக்கு அப்பத்தா நினைவுதான் வந்தது. மருமகள் போட்ட கோலத்தைப் பார்த்துவிட்டு, "கோடு நடுங்கிருக்கே, ராத்திரி தூங்கலையா?" என்று கேட்பார்.

திபெத்தியத் துறவிகள் நாள்கணக்கில் வண்ண மணல் தூவி எழுப்பும் மண்டலத்தைச் சடங்கு முடிந்ததும் கூட்டி நீரில் விடுவார்கள். நம் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் சடங்குக்காகத் தரையில் பொடியால் வரையும் களமெழுத்தும் அப்படித்தான். அரிசிமாவு, மஞ்சள், உமிக்கரி, பச்சிலைப் பொடி, மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்த சிவப்பு எல்லாம் ஆட்டத்தின் முடிவில் காலடியில் கலைந்துபோகும். ஆனால் இவற்றுக்கும் மதினியின் கமலத்துக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. மண்டலாவை எந்த மூலையில் வேண்டுமானாலும் நிறுத்திவிட்டு நாளைக்குத் தொடரலாம். இருதயக் கமலத்தில் கோடு நடந்துபோகிறது. பாதியில் எழுந்தால் எந்தச் சுற்றில் நின்றோம் என்றே தெரியாது. வட்டம் புனிதம் என்பதற்கு எத்தனையோ தத்துவம் சொல்கிறார்கள். எனக்குக் கண்ணால் பார்க்கக் கிடைத்தது, புறப்பட்ட கோடு எல்லாப் புள்ளிக்கும் போய்விட்டு வீடு திரும்புவதுதான்.

போன மாதம் மதினி மகள் இருதயக் கமலத்தையே மண்டலாவாக வரைந்தாள். பத்தாகப் பிரித்தால் நிறைவாக இருக்கும் என்று பத்துக் கை வைத்தாள். மதினி எட்டிப் பார்த்துவிட்டு, "ஏத்தா, இது கூடாது. எட்டாக்கு" என்றார். அவள் கேட்கவில்லை. ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்ற ஐந்து தனி வளையத்துக்கும் ஐந்து கலர் கொடுத்துவிட்டாள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. மதினி மட்டும் அதைக் கோலம் என்று ஒப்புக்கொள்ளவில்லை.