லுவார் நதிக்கரையில் இரண்டு சைக்கிள்கள்

பிரான்ஸ் என்றதும் நம்மில் பலருக்கு ஐஃபல் கோபுரமும் செண்டு பாட்டிலும்தான் ஞாபகத்துக்கு வரும். பாரிஸை மட்டும் பார்த்துவிட்டு வந்து "பிரான்ஸையே பார்த்தாச்சு" என்று சொல்லிக் கொள்கிறவர்களும் உண்டு. ஆனால் பாரிஸிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம் போனால், ஆரவாரமே இல்லாத ஒரு நதிக்கரை இருக்கிறது. அந்த நதியின் பெயர் லுவார். அந்நாட்டின் மிக நீளமான நதி அதுதான்; சுமார் 1000 கிலோமீட்டர். நம் காவிரியைவிட 200 கிலோமீட்டர் கூடுதல். கரை நெடுக ராஜாக்களும் ராணிகளும் கட்டிய மாளிகைகள். 2000-ம் ஆண்டில் யுனெஸ்கோ இந்த நதிப் பள்ளத்தாக்கின் ஒரு பகுதியை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது.

இந்த நதியை ஒட்டி, கடலைத் தொடும் வரை, சுமார் 900 கிலோமீட்டருக்கு சைக்கிள் பாதை போட்டிருக்கிறார்கள். 2023 செப்டம்பரில் பாரிஸில் இருக்கும் என் தங்கையும் நானும் அதில் ஒரு சின்னத் துண்டை மட்டும், ஐந்து நாளில் சுமார் 170 கிலோமீட்டர், மிதித்தோம்.

"உங்களுக்கு சைக்கிளா? இந்த வயசிலயா?" என்று பக்கத்து வீட்டு அம்மாள் கேட்டார். கேள்வி நியாயமானதுதான். எனக்கு வயது நாற்பத்தேழு. சர்க்கரை "எல்லைக் கோட்டில்" நிற்கிறது. மாடிப்படி ஏறினால் முழங்கால் முணுமுணுக்கும். பத்தாம் வகுப்புக்குப் பிறகு நான் சைக்கிளைத் தொட்டதே இல்லை. ஆனால் டாக்டரிடம் கேட்டபோது அவர், "தாராளமா ஓட்டுங்க. உடம்போட கனத்தை சீட் வாங்கிக்கும், முழங்காலுக்கு அதிர்ச்சி இருக்காது. மெதுவா ஆரம்பிங்க" என்றார். புறப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பே பையனின் சைக்கிளை எடுத்து விடியற்காலையில் எங்கள் தெருவிலேயே பழகினேன். பால்காரர் சிரித்தார். சிரித்துவிட்டுப் போகட்டும்!

காட்டுக்குள் ஓர் அரண்மனை

ப்ளுவா என்ற ஊரில் இறங்கி வாடகைக்கு சைக்கிள் எடுத்தோம். ஓர் ஊரில் எடுத்து வேறு ஊரில் விட்டுவிடலாம் என்பது பெரிய சௌகரியம். அங்கிருந்து முதல் நாள் ஷாம்போர் மாளிகைக்கு. 1519-ல் முதலாம் பிரான்சுவா என்ற அரசன் கட்ட ஆரம்பித்தது. 440 அறைகள், 282 கணப்பு அடுப்புகள்! இத்தனை கட்டிய அந்த மகராஜன் தன் 32 வருட ஆட்சியில் அங்கே தங்கியது மொத்தம் 72 நாள்தானாம். "கணப்பு அடுப்பைச் சுத்தம் பண்ணினவங்களை யாரு நினைச்சுப் பார்த்தா?" என்றாள் தங்கை. வீட்டு வேலை செய்கிற நமக்குத்தானே அது தோன்றும்!

நடுவில் இரட்டைச் சுழல் படிக்கட்டு ஒன்று. ஒன்றையொன்று பின்னிக் கொண்டு மேலே போகும் இரண்டு படிக்கட்டுகள். நான் ஒன்றில் ஏற, அவள் மற்றொன்றில் ஏறினாள். இடையில் உள்ள ஜன்னல் வழியாக ஒருவரை ஒருவர் பார்த்துக் கொள்ளலாம். ஆனால் மேலே போய்ச் சேரும்வரை சந்திக்கவே முடியாது.

மறுநாள் நதியோரமாக அம்புவாஸ் வரை சுமார் 40 கிலோமீட்டர். இதுதான் எனக்கு நீளமான நாள். ஆனால் பாதை பெரும்பாலும் சமதரை. ஒரு பக்கம் நதி, மறுபக்கம் சூரியகாந்தி வயல், திராட்சைத் தோட்டம். தண்ணீர் குறைந்து நதிக்கு நடுவே மணல் திட்டுகள் தெரிந்தன. அதில் நாரைகள் ஒற்றைக்காலில் நின்றன. சில ஊர்ச் சுவர்களில் 1856, 1866 என்று வருடத்தைச் செதுக்கி, வெள்ளம் எந்த உயரத்துக்கு வந்தது என்று கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். கோடு என் தலைக்கு மேலே இருந்தது.

அம்புவாஸில்தான் லியனார்டோ டாவின்சி தன் கடைசி மூன்று வருடங்களைக் கழித்தார். 1516-ல், அறுபது வயது தாண்டிய பிறகு, அரசன் அழைத்தான் என்று இத்தாலியிலிருந்து ஆல்ப்ஸ் மலையைக் கடந்து வந்தார். கூடவே மோனலிசா ஓவியத்தையும் கொண்டு வந்தார். 1519 மே 2-ம் தேதி இங்கேயே இறந்தார். அவர் வாழ்ந்த செங்கல் வீட்டில் சமையலறைகூட இருக்கிறது. அறுபது வயதுக்கு மேல் அவர் மலை தாண்டினார்; நான் நாற்பது கிலோமீட்டருக்கு அலுத்துக் கொள்வதா என்று எனக்கே வெட்கமாக இருந்தது!

பெண்கள் காப்பாற்றிய மாளிகை

மூன்றாம் நாள் பார்த்த ஷெனோன்சோவைத்தான் நான் சகோதரிகளுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். லுவாரின் துணை நதியான ஷேர் மீது, தண்ணீருக்குக் குறுக்கே பாலம் மாதிரி நிற்கிறது இந்த மாளிகை. அதற்கு "பெண்களின் மாளிகை" என்றே பெயர்.

கணவன் போருக்குப் போயிருந்தபோது கத்தரீன் பிரிசோனே என்ற பெண்மணிதான் கூட இருந்து கட்டிட வேலையைக் கவனித்தாள். பிறகு இரண்டாம் ஹென்றி அரசன் இதைத் தன் ஆசைநாயகி தியானுக்குக் கொடுத்தான். நதியின் மேல் பாலம் போட்டவள் அவள். 1559-ல் அரசன் இறந்ததும், பட்டத்து ராணி கத்தரீன் தெ மெதிசி அவளை வெளியேற்றிவிட்டு, அதே பாலத்தின் மேல் 60 மீட்டர் நீளக் கூடம் எழுப்பினாள். சக்களத்தி போட்ட அஸ்திவாரத்தில் ராணி கட்டிய மாடி! அவள் மருமகள் லூயிஸ், 1589-ல் கணவன் கொலையுண்ட பிறகு இங்கேயே ஒதுங்கிக் கொண்டாள். அவள் அறையில் சுவரும் கூரையும் கறுப்பு. அவள் உடுத்தியதோ வெள்ளை. அந்நாட்டு ராணிகளுக்கு அப்போது துக்கத்தின் நிறம் வெள்ளைதானாம். கைம்பெண்ணுக்கு வெள்ளை என்பது நம் ஊரில் மட்டும் இல்லை போலிருக்கிறது.

முதல் உலகப் போரின்போது அந்த நீளக் கூடம் ஆஸ்பத்திரியாகி, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட காயம்பட்ட வீரர்களுக்குச் சிகிச்சை நடந்தது. முன்னின்று நடத்தியவர் சிமோன் மெனியே என்ற பெண்மணி. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் பிடித்த பகுதிக்கும் பிடிக்காத பகுதிக்கும் எல்லைக்கோடு இந்த ஷேர் நதிதான். கூடத்தின் வாசல் ஒன்று இந்தக் கரை, இன்னொன்று அந்தக் கரை. அதன் வழியாகத் தப்பிப் பிழைத்தவர்கள் உண்டு. நடனத்துக்கென்று கட்டிய கூடம் இப்படி உயிர் காக்கும் வழியாகும் என்று அந்த ராணி நினைத்திருப்பாளா?

கரையில் ஒரு பேச்சு

நான்காம் நாள் அம்புவாஸிலிருந்து தூர் நகரத்துக்கு. வழியில் வெண்மையான மிருதுவான பாறையைக் குடைந்த குகை வீடுகள். மாளிகைகளுக்குக் கல் வெட்டி எடுத்த பள்ளங்களில் ஏழைகள் குடிபுகுந்திருக்கிறார்கள். கோடையில் குளுமை, குளிரில் கதகதப்பு.

மதியம் நதிக்கரைப் பெஞ்சில் ரொட்டியும் ஆட்டுப்பால் சீஸும் வைத்துக் கொண்டு உட்கார்ந்தோம். நடுவில் வைக்கோல் செருகிய நீள உருளை சீஸ் அந்தப் பக்கத்து விசேஷம். எதிரே மணல் திட்டு. "குளித்தலை மாதிரியே இருக்கு இல்லக்கா?" என்றாள் தங்கை. அவ்வளவுதான், இரண்டு பேருக்கும் தொண்டை அடைத்தது.

எங்கள் அம்மா 2021-ல் கொரோனா காலத்தில் போனார்கள். தங்கையால் வர முடியவில்லை. காரியத்தைப் போனில்தான் பார்த்தாள். அதற்குப் பிறகு போனில் எத்தனையோ பேசியிருக்கிறோம், அம்மாவைப் பற்றி மட்டும் பேசியதில்லை. அன்றைக்குத்தான் கேட்டாள்: "கடைசியில அம்மா என்னைத் தேடினாங்களா?" தேடினார்கள் என்றேன். பொய் சொல்ல மனம் வரவில்லை. "உன் பேரைச் சொல்லிட்டுத்தான் தூங்கினாங்க. வலி இல்ல" என்றேன். அதுவும் உண்மைதான். அவள் வெகுநேரம் அழுதாள். தடுக்கவில்லை நான். பிறகு ரொட்டியை மடித்து வைத்துவிட்டு, "வெயில் ஏறுதுக்கா, போகலாம்" என்று அவளே எழுந்தாள்.

காய்கறியில் ஒரு கோலம்

கடைசி நாள் தூரிலிருந்து விலாந்த்ரி. இங்கே மாளிகையைவிடத் தோட்டம்தான் பிரசித்தி. 1906-ல் ஸ்பெயின் தேசத்து டாக்டர் கர்வாயோவும் அவர் மனைவி ஆன் கோல்மனும் இதை வாங்கி, பழைய கால முறைப்படி தோட்டத்தை மறுபடி உருவாக்கினார்கள். காய்கறித் தோட்டம் மட்டும் ஒன்பது சதுரங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு தினுசுக் கோலம். சிவப்பு முட்டைக்கோஸ், நீலம் கலந்த லீக் வெங்காயம், பீட்ரூட், பூசணி என்று நிறம் பார்த்து நட்டிருக்கிறார்கள். வருடத்துக்கு இரண்டு முறை நடவு. ஒரு பாத்தியில் போட்ட இனத்தையே அடுத்த முறையும் போடாமல் மாற்றுகிறார்கள். மண் களைத்துப் போகாது. மொட்டை மாடியில் தொட்டி வைத்திருக்கும் நாமும் இதைச் செய்யலாமே!

போக நினைப்பவர்களுக்கு

* அங்கே வண்டிகள் சாலையின் வலது பக்கம் போகும். முதல் அரை நாள் கவனம் தேவை.
* சுடிதார் வசதி. துப்பட்டா வேண்டாம், சங்கிலியில் சிக்கும். மழைக்கோட்டு அவசியம்.
* சீட் உயரத்தைச் சரி செய்யுங்கள். பெடல் கீழே வரும்போது கால் லேசாக மடங்கி இருந்தால் முழங்கால் வலிக்காது. முடியாதவர்களுக்கு பேட்டரி சைக்கிளும் வாடகைக்குக் கிடைக்கும்.
* கிராமத்துக் கடைகள் மதியம் மூடிவிடும்; ஞாயிறு, திங்களில் பல கடைகள் திறப்பதே இல்லை. ரொட்டியும் பழமும் காலையிலேயே வாங்கி விடுங்கள்.
* சைவம் என்றால் "நி வியாந்த், நி ப்வாஸோன்" (மாமிசமும் வேண்டாம், மீனும் வேண்டாம்) என்று சொல்லக் கற்றுக் கொள்ளுங்கள்.
* களைத்துப் போனால் உள்ளூர் ரயிலில் சைக்கிளோடு ஏறலாம். பச்சைச் சிலுவை தெரிந்தால் அது மருந்துக் கடை.
* சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டுக் கொண்டு புறப்படுங்கள். கையில் எப்போதும் இனிப்பு ஏதாவது இருக்கட்டும்.

ஐந்து நாள் சைக்கிள் மிதித்தால் சர்க்கரை ஓடிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் என் கால்கள் இன்னும் என்னைத் தாங்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இப்போது மார்க்கெட்டுக்கு சைக்கிளில்தான் போகிறேன். லுவார் வரை போக எல்லோருக்கும் வசதிப்படாது. காலையில் தெரு வெறிச்சென்று இருக்கும் அரை மணி நேரம் எல்லோருக்கும் உண்டு. அதிலிருந்து ஆரம்பியுங்கள், சகோதரிகளே!