இனமுள்ள அடை

நன்னூல் நடத்துகிற ஒவ்வோர் ஆண்டும் அடைமொழிப் பகுதி வரும்போது வகுப்பில் சற்றே கலகலப்பு பிறக்கும். செந்தாமரை என்கிறோம். வெண்டாமரையும் உலகில் உண்டு என்பதால் ‘செம்மை’ என்ற அடை ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டுகிறது. அது இனமுள்ள அடை. செஞ்ஞாயிறு என்கிறோம். பிரித்துக் காட்ட வேறொரு ஞாயிறு இல்லை. ஆகவே அது இனமில்லா அடை. நெடும்பயணத்துக்காக மோட்டார் சைக்கிளில் நாம் வாங்கிப் பூட்டுகிற பொருள்களைக் காணும்போதெல்லாம் எனக்கு இந்தப் பாகுபாடுதான் நினைவுக்கு வருகிறது. இதைப் பூட்டியதால் பயணத்தில் ஏதேனும் வேறுபாடு உண்டா? அல்லது வண்டி நிற்கும்போது பார்க்கிறவர் கண்ணுக்கு மட்டுமா? இலக்கியம் பேசுகிற இடத்தில் டயரையும் திருகாணியையும் பற்றி எழுதுவதை நண்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

என்னிடம் இருப்பது 2014-இல் வாங்கிய ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350. பருவ விடுமுறைகளில் நானும் என் மனைவியும் சங்கப் பாடல்களில் பெயர் வருகிற ஊர்களுக்கு அதில் போய் வருவதை வழக்கமாகக் கொண்டிருக்கிறோம். கொற்கை, பூம்புகார், பாரியின் பறம்பாகக் கருதப்படும் பிரான்மலை, ஓரியின் கொல்லிமலை. சேலத்துக்கு அருகில் இருப்பதால் கொல்லிக்குத்தான் அடிக்கடி போகிறோம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். வண்டிக்கு எது தேவை, எது சுமை என்பதை அந்த வளைவுகள் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடும்.

முதலில் டயர். அதன் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பதைப் படிக்கத் தெரிந்துகொண்டால் கடைக்காரரின் பேச்சை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை. என் வண்டியின் பின்சக்கரத்துக்கு உரிய அளவு 110/90-18. 110 என்பது மில்லிமீட்டரில் அகலம். 90 என்பது அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு உயரம் என்பது. அதாவது 99 மில்லிமீட்டர். 18 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். முன்சக்கரம் 90/90-19. அதை அடுத்து ‘52 பி’ என்று இருந்தால், 52 என்பது 200 கிலோ வரை தாங்கும் என்பதன் குறியீடு. ‘பி’ என்பது மணிக்கு 150 கிலோமீட்டர் வேகம் வரை என்பதன் குறியீடு. இவற்றைவிட முக்கியமானவை ஒரு சிறு நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கங்கள். 1423 என்றிருந்தால் 2023-ஆம் ஆண்டின் 14-ஆம் வாரத்தில் செய்தது என்று பொருள். ஓடாமல் கடையில் தொங்கினாலும் ரப்பருக்கு வயதாகும், இறுகும், பிடிமானம் குறையும். பளபளப்பைப் பார்த்து வாங்குகிறவர்கள் இந்த இலக்கங்களைப் பார்ப்பதில்லை.

“சார், பின்னாடி 130 போட்டுக்கலாம் சார். வண்டி கும்முனு இருக்கும்” என்றார் கடையிலிருந்த இளைஞர். அவர் சொன்னதில் பொய்யில்லை, கும்மென்றுதான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு ரிம்மின் அகலத்துக்கும் இன்ன அளவு டயர் என்ற வரையறை உண்டு. அகலமான டயரைக் குறுகிய ரிம்மில் ஏற்றினால் அதன் ஓரங்கள் உள்வாங்கி, மேற்புறத்தின் வளைவு இயல்பை மீறிக் கூடிவிடும். கூடுதல் அகலம் தரும் என்று எண்ணிய பிடிமானம் கிடைக்காது. வண்டியைச் சாய்க்கக் கை கூடுதலாக உழைக்க வேண்டும். சங்கிலிக் கவசத்திலோ மட்கார்டிலோ உரசவும் கூடும். “தம்பி, கம்பெனி அளவே போதும்” என்றேன். அதேபோல், நம் பக்கம் பட்டன் டயர் என்று சொல்கிற கட்டை கட்டையான டயர் சேற்றுக்கும் மண்ணுக்கும் உரியது. மழையில் நனைந்த தார்ச்சாலையில் அதன் கட்டைகள் மட்டுமே தரையைத் தொடும். கொல்லிமலையில் எங்களுக்கு வேண்டியது தண்ணீரை ஒதுக்கித் தள்ளும் பள்ளங்கள் கொண்ட சாலை டயர்தான்.

மாட்டும்போதும் அருகில் நின்று பார்ப்பது நல்லது. சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி சரியாக இருக்க வேண்டும். டயரில் வண்ணப் புள்ளி இருந்தால் அதை வால்வுக்கு நேராக வைப்பார்கள். டயரின் எடை குறைந்த இடம் அது. கம்பிச் சக்கரமாதலால் ரிம்மில் வரிசையாகத் துளைகள் உண்டு. அதனால் டியூப் இல்லாமல் முடியாது. டயரை மாற்றும்போது டியூபையும், கம்பி முனைகள் அதைக் குத்தாமல் காக்கும் ரிம் பட்டையையும் சேர்த்தே மாற்றிவிடுகிறேன். புது டயரின் மேற்பரப்பு வழுவழுப்பாக இருக்கும். முதல் 100, 150 கிலோமீட்டர் வரை வளைவுகளில் நிதானம் வேண்டும். பின்னால் ஆள் இருக்கும்போது பின்சக்கரக் காற்றைக் கையேட்டில் சொல்லியிருக்கும் அளவுக்குக் கூட்ட வேண்டும். அதையும் ஓடிச் சூடேறுவதற்கு முன்பே அளக்க வேண்டும்.

பின்னால் ஆள் என்றேன். நான் உண்மையில் சொல்ல வந்தது அவரைப் பற்றித்தான். நெடும்பயணத்துக்கென்று கடையில் தொங்குகிற பொருள்களில் பெரும்பாலானவை ஒற்றை ஆளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. பின்னால் ஒரு மனுஷி அமர்வார் என்ற நினைவே அவற்றில் இல்லை. இதற்குத் தெளிவான சான்று சேலை கார்டு. இடப்புறம் பின்சக்கரத்தை மறைத்து நிற்கும் அந்தக் கம்பித் தடுப்பை அழகைக் கெடுக்கிறதென்று கழற்றி எறிகிறவர்கள் பலர். பக்கப் பைகளைத் தாங்கும் சட்டத்தைப் பூட்ட அதே திருகாணித் துளைகள் வேண்டும் என்பதால் கழற்றுகிறவர்களும் உண்டு. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆம் விதி, பின்னால் அமர்பவருக்குக் கைப்பிடியும் கால் வைக்க இடமும் வேண்டும் என்கிறது. உடை சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்பும் வேண்டும் என்கிறது. இதை அலங்காரக் கம்பி என்று எண்ணுகிறவர்களுக்கு அந்த விதி தெரியாது.

எங்கள் துறை நண்பர் ஒருவரின் வண்டியில் பை மாட்டுவதற்காக அதைக் கழற்றியிருந்தார்கள். அவருடைய அம்மாவின் முந்தானை ஓடும் சக்கரத்தில் சிக்கியது. அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். ஆனால் இடுப்பெலும்பு முறிந்து எட்டு மாதம் படுக்கையில் இருந்தார். நண்பர் அதன்பிறகு அந்த வண்டியைத் தொடவில்லை. கழற்றிய சேலை கார்டு அவர் வீட்டு மாடிப்படிக்குக் கீழே கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே எங்கள் வண்டிக்குப் பை வாங்கப் போனபோது மனைவியையும் அழைத்துப் போனேன். நெடுந்தொலைவுக்கு அவர் சுடிதார் அணிந்து இருபுறமும் கால் போட்டு அமர்வார்; துப்பட்டாவும் சக்கரத்துக்குத் துணிதான். ஊருக்குள் கோயிலுக்குப் போகும்போது சேலை, ஒருபக்கமாக அமர்வார். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பையை மாட்டி, அவரை இரண்டு விதமாகவும் உட்காரச் சொன்னேன். “ஏங்க, இந்தப் பை இங்க இருந்தா நான் கால எங்க வைக்கிறது?” என்றார். அந்தக் கேள்விக்குக் கடையிலிருந்த மூன்று சட்டங்கள் விடை சொல்லவில்லை. நான்காவதாக, நீண்ட திருகாணியும் இடையில் புஷ்ஷும் வைத்துச் சேலை கார்டைக் கழற்றாமலே பூட்டக்கூடிய ஒன்று கிடைத்தது. வலப்புறம் மட்டும் ஒரு பை, சைலன்சரின் சூடு படாத உயரத்தில். இடப்புறம் அவருடைய கால்களுக்கு.

பிறவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பின்பெட்டி அவருக்குச் சாய்ந்துகொள்ள உதவுகிறது. ஆனால் அது பின்அச்சுக்கும் அப்பால் நிற்பதால் எடை ஏற ஏற முன்சக்கரம் இலேசாகிவிடும். மழைக்கோட்டும் துண்டும் மட்டுமே அதில் வைக்கிறோம். காற்றுத் தடுப்புக் கண்ணாடியை நண்பரிடம் இரவல் வாங்கிப் பூட்டிப் பார்த்தோம். என் மார்பில் படுகிற காற்று விலகிற்று. ஆனால் அவருடைய ஹெல்மெட்டில் வந்து சுழன்றடித்தது. திருப்பிக் கொடுத்துவிட்டோம். கூடுதல் விளக்குக்கு ரிலேயும் ஃபியூசும் இல்லாமல் கம்பி இழுக்கச் சம்மதிக்கக் கூடாது. எதைப் பூட்டினாலும் 100 கிலோமீட்டர் ஓடியபின் திருகாணிகளை மறுபடி முறுக்க வேண்டும். ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினின் அதிர்வு எந்தத் திருகாணியையும் தளர்த்திவிடும்.

அடுத்து மீண்டும் பிரான்மலைக்குப் போவதாகப் பேச்சு. நேர்ச்சாலையில் ஓடி ஓடிப் பின்டயரின் நடுப்பகுதி தட்டையாகிவிட்டது. வளைவில் சாயும்போது வண்டி ஒரு கணம் தயங்குகிறது. புறப்படுவதற்கு முன் அதை மாற்ற வேண்டும். மனைவிக்கும் பின்கைப்பிடி சற்று முன்னால் இருந்தால் தேவலாம் என்று ஒரு குறை இருக்கிறது. இந்த முறையும் இருவருமாகத்தான் கடைக்குப் போகிறோம்.